லெம்மிங் பிறந்த ஊர்: டண்டீ நாட்குறிப்பு

வெள்ளி இரவு, எடின்பரோ

லண்டனில் அலுவலக வேலை நேற்றோடு முடிந்தது. அக்கா மகன் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில், அபர்ட்டே பல்கலைக்கழகத்தில் கேம் உருவாக்கம் படிக்கிறான். "இவ்வளவு தூரம் வந்துட்டு இங்க ஒரு எட்டு வராமப் போனீங்கன்னா அம்மாகிட்ட சொல்லிடுவேன் மாமா" என்று போனில் மிரட்டினான். மிரட்டாவிட்டாலும் போயிருப்பேன். எனக்கு அந்த ஊரில் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு: டிஎம்ஏ டிசைன் என்ற கேம் ஸ்டுடியோவின் தடம்.

பெயரைக் கேட்டு முழிக்க வேண்டாம். கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ, சுருக்கமாக ஜிடிஏ, அதில் 'வைஸ் சிட்டி' தெரியும்தானே? பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக் காசு கொடுத்து, நோட்டின் கடைசிப் பக்கத்தில் 'ஆஸ்பிரின்', 'பேன்சர்' என்று சீட் கோடு எழுதி வைத்துக்கொண்டு, நம் ஊரில் ஒரு தலைமுறையே அதில் பைக் ஓட்டியது. மயாமியைப் போலப் பனைமரமும் கடற்கரையும் நியான் விளக்குமாக இருக்கும் அந்த நகரம் 2002இல் செய்யப்பட்டது இதோ இந்த எடின்பரோவில். இன்று மாலை குடையை நேராகப் பிடிக்க முடியாத காற்று. இங்கே உட்கார்ந்துகொண்டு ஃபுளோரிடா வெயிலைக் கற்பனை செய்திருக்கிறார்கள்.

அதைச் செய்த ராக்ஸ்டார் நார்த் ஸ்டுடியோ இப்போது இருப்பது ஹோலிரூட் சாலையில், பார்க்லே ஹவுஸ் என்ற கட்டடத்தில். 'தி ஸ்காட்ஸ்மன்' நாளிதழுக்காக 1999இல் கட்டியது. நாலு எட்டு வைத்தால் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம். பின்னால் ஆர்தர்ஸ் சீட் மலை. உள்ளே போகவெல்லாம் முடியாது. வெளியே நின்று ஒரு படம் எடுத்தேன், அவ்வளவுதான். 2013 செப்டம்பர் 17இல் வெளியான ஜிடிஏ ஐந்தாம் பாகம் மூன்றே நாளில் 100 கோடி டாலர் வசூலித்தது. இதுவரை 20 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கிறது. அந்தப் பணத்தின் கனம் கட்டடத்தின் முகத்தில் தெரிகிறதா என்றால், இல்லை. ஏதோ இன்ஷூரன்ஸ் கம்பெனி என்றால் நம்பிவிடலாம்.

இந்த ஸ்டுடியோவுக்கு 2002 வரை பெயர் டிஎம்ஏ டிசைன். பிறந்த ஊர் டண்டீ. நாளைக்கு அங்கே.

சனி, டண்டீ

வேவர்லி நிலையத்திலிருந்து ரயில். முதலில் ஃபோர்த் பாலம், 1890இல் திறந்தது, சிவப்பு எஃகு எலும்புக்கூடு. ஊருக்குள் நுழையும் முன் டே ஆற்றின் மேல் இன்னொரு நீளப் பாலம். ஜன்னல் வழியே குனிந்து பார்த்தால் தண்ணீரில் வரிசையாகக் கல் மொட்டைகள் தெரியும். அவை பழைய பாலத்தின் தூண் அடிகள். 1878இல் திறந்த அந்தப் பாலம் அடுத்த ஆண்டு டிசம்பர் 28 அன்று புயலில், மேலே போய்க்கொண்டிருந்த ரயிலோடு சேர்ந்து ஆற்றில் விழுந்தது. பக்கத்து இருக்கைப் பெரியவர் இதை நேற்று நடந்ததைப் போலச் சொன்னார்.

நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் எதிரே வி&ஏ அருங்காட்சியகம். ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கெங்கோ குமா வடிவமைத்தது, 2018இல் திறந்தார்கள். பக்கத்தில் துருவப் பயணி ராபர்ட் ஸ்காட் அண்டார்ட்டிகாவுக்குப் போன டிஸ்கவரி கப்பல். இந்த ஊரிலேயே கட்டியது. சுற்றுலாப் பயணிகள் எல்லாம் இந்த இரண்டுக்கும் போகிறார்கள். மருமகன் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, "மாமா, உங்க சாமி அந்தப் பக்கம்" என்று பெர்த் ரோடு ஏற்றத்தைக் காட்டினான்.

சீபிரேஸ் பூங்காவின் வாசல். தூண்களில் மூன்று லெம்மிங்குகள் ஏறுகிற கோலத்தில் நிற்கின்றன. வெண்கல நிறம், 2013இல் வைத்தது. பலகையைப் படிக்காதவர்கள் ஏதோ பொம்மைக் குரங்கு என்று நினைத்துத் தாண்டிப் போகிறார்கள். நான் அரை மணி நேரம் அங்கேயே நின்றேன்.

டிஎம்ஏ செய்த 'லெம்மிங்ஸ்' கேமை ஆடாதவர்களுக்குச் சுருக்கமாக: பச்சை முடியும் நீல அங்கியுமாக நண்டு சிண்டு மனிதர்கள் ஒரு கதவிலிருந்து வரிசையாக விழுவார்கள். எதிரே பள்ளமோ நெருப்போ தண்ணீரோ, எதுவானாலும் நேரே நடந்துபோய் விழுந்து சாவார்கள். நாம்தான் ஒருவனைத் தோண்டச் சொல்லி, ஒருவனைப் படி கட்டச் சொல்லி, ஒருவனை மறித்து நிற்கச் சொல்லி, மீதிப் பேரை வாசலுக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். மொத்தம் எட்டு வேலை, 120 லெவல். 1991 பிப்ரவரி 14 அன்று அமிகா கணினிக்கு வெளிவந்தது.

அது பிறந்த விதம் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். 1989 ஆகஸ்ட். டிஎம்ஏவில் 'வாக்கர்' என்று வேறொரு கேமுக்கு வேலை நடக்கிறது. ராட்சச இயந்திரம் ஒன்று சின்னச் சின்னப் படைவீரர்களைச் சுட்டுத்தள்ளும். ஸ்காட் ஜான்ஸ்டன் அந்த வீரர்களை வரைகிறார். இன்னும் சின்னதாக, எட்டுக்கு எட்டு பிக்சலுக்குள்ளேயே அடக்கலாமே என்று மைக் டெய்லிக்குத் தோன்றுகிறது. ஒரு மதிய இடைவேளையில் உட்கார்ந்து செய்து காட்டுகிறார். ஒரு மேட்டில் ஆட்கள் வரிசையாக ஏறுகிறார்கள். மேலே போனதும் ஒரு பாரம் விழுந்து நசுக்குகிறது. கேரி டிம்மன்ஸ் அந்த நடையை இன்னும் மெருகேற்றுகிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். எட்டிப் பார்த்த ரஸல் கே, இதில் ஒரு கேம் இருக்கிறது என்கிறார். லெம்மிங் என்று பெயரும் வைக்கிறார்.

சாப்பாட்டு நேரத்து விளையாட்டு கையில் கிடைத்தாலும் அதைக் கேமாக்க வேறு மூளை வேண்டும். அது டேவிட் ஜோன்ஸ், ஸ்டுடியோவைத் தொடங்கியவர். லெவல் அமைக்கும் மென்பொருளை, அன்று அமிகா வைத்திருந்த எல்லோருக்கும் பழக்கமாயிருந்த டீலக்ஸ் பெயின்ட் என்ற ஓவிய மென்பொருளைப் போலவே செய்துவிட்டார்கள். அதனால் யார் வேண்டுமானாலும் லெவல் வரையலாம் என்றானது. ஏற்றுக்கொண்ட ஒவ்வொரு லெவலுக்கும் பத்து பவுண்டு என்று ஜோன்ஸ் அறிவித்தார். ஆளாளுக்கு உட்கார்ந்து வரைந்தார்கள். அடுத்தவன் தோற்க வேண்டும், குறிப்பாக முதலாளி தோற்க வேண்டும் என்ற வெறியில் லெவல்கள் கடினமாகிக்கொண்டே போயின. இன்று ஆடினாலும் அந்தக் குசும்பு தெரியும். இது புதிர் போட்டவர் ஆடுகிறவரைப் பார்த்துச் சிரிக்கிற கேம்.

"லெட்ஸ் கோ" என்று அந்தக் குட்டிகள் கத்துமே, அந்தக் குரல் ஸ்காட் ஜான்ஸ்டனின் அம்மாவுடையது. மகனுடைய வேலைக்கு அம்மாவைப் பேச வைத்துப் பதிவு செய்திருக்கிறார்கள். இசைக்கு முதலில் பிரபலமான மெட்டுகளை எடுத்துப் போட்டார்கள். பிறகு காப்புரிமைப் பயம் வந்து, யாருக்கும் உரிமை இல்லாத பழைய மெட்டுகளாக மாற்றினார்கள். அப்படித்தான் ஆஃபென்பாக்கின் 'கான் கான்' இசைக்கு லெம்மிங்குகள் குழி தோண்டும் நிலை வந்தது.

லெம்மிங்ஸ் முதல் நாளில் மட்டும் 55,000 பிரதி விற்றது. அதற்கு முன் அவர்கள் செய்த 'மெனஸ்' அதன் ஆயுளுக்கும் 20,000தான் விற்றது. 'பிளட் மணி' 40,000.

மருமகன் கேட்டான்: "இந்தச் சிலைய வச்சு டீசர்ட் அடிச்சு வித்தா காசு யாருக்கு மாமா போகும்?" சரியான கேள்வி. கேமை வெளியிட்டது லிவர்பூலின் சிக்னோசிஸ். உரிமையும் அவர்களிடம்தான் இருந்தது. 1993இல் சிக்னோசிஸை சோனி வாங்கியது. ஆக இந்த ஊர் பெருமையோடு வாசலில் வைத்திருக்கும் மூன்று குட்டிகளும், சட்டப்படி பார்த்தால், டோக்கியோவில் தலைமையகம் உள்ள ஒரு கம்பெனியின் சொத்து.

இரவு உணவுக்கு பிரைடி: மாட்டிறைச்சி அடைத்துச் சுட்டது, நம் பஃப்ஸுக்கு மூத்த அண்ணன். மிளகுத்தூள் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

ஞாயிறு

காலையில் வெர்டன்ட் ஒர்க்ஸ். பழைய சணல் ஆலை, இப்போது அருங்காட்சியகம். இந்த ஊரைப் பற்றி ஆங்கிலத்தில் மூன்று 'ஜே' சொல்வார்கள்: ஜூட், ஜாம், ஜர்னலிசம். ஜாம் என்பது கீலர் மார்மலேட். ஜர்னலிசம் என்பது 'பீனோ' சிறுவர் இதழ் வெளியிடும் டிசி தாம்சன். இவற்றில் பெரியது ஜூட், அதாவது சணல். வங்காளத்திலிருந்து கப்பல் கப்பலாக வந்த நாரை, இந்தத் துறைமுகத்துக்கு வந்த திமிங்கில எண்ணெயில் ஊற வைத்து மிருதுவாக்கி, சாக்கு நெய்தார்கள். ஆலையில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுக்குக் கூலி குறைவு என்பதுதான் காரணம். பிறகு முதலாளிகளே கல்கத்தாவில் ஆலை வைத்தார்கள். அங்கே கூலி இன்னும் குறைவு. இங்கே தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. நம் வீட்டு அரிசிக் கோணிக்கு இப்படி ஒரு பங்காளி ஊர் இருப்பதை வரும்போது நினைக்கவில்லை.

கேம் கதைக்கும் சணலுக்கும் என்ன உறவு? இருக்கிறது. சணல் படுத்த பிறகு, இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு அமெரிக்காவின் டைமெக்ஸ் கடிகாரக் கம்பெனி இங்கே தொழிற்சாலை போட்டது. நுணுக்கமான கை வேலைக்குப் பழகிய பெண்கள் ஊர் நிறைய இருந்தார்கள். உச்சத்தில் 7,000 பேர் அங்கே வேலை செய்தார்கள். கடிகாரச் சந்தை சரிந்தபோது டைமெக்ஸ் வேறு ஆர்டர் தேடியது. அப்போது கிடைத்தவர் கிளைவ் சின்க்ளேர். அவருடைய இசட்எக்ஸ் 81 கணினியும், 1982இல் வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரமும் இந்த ஊரில் கோக்கப்பட்டன.

ஸ்பெக்ட்ரம் 125 பவுண்டிலிருந்து கிடைத்தது. ரப்பர் விசைப்பலகை, டிவியில் மாட்டிக்கொள்ளலாம், புரோகிராமைக் கேசட்டிலிருந்து ஏற்ற வேண்டும். அம்மாவோ சித்தியோ அந்தத் தொழிற்சாலையில் இருக்கும் ஊரில் அது எத்தனை வீட்டுக்கு எப்படியெல்லாம் வந்து சேர்ந்திருக்கும் என்று யோசியுங்கள். லா குன்றுக்குப் போகும் பேருந்தில் ஒரு பாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன். தன் அத்தை டைமெக்ஸில் இருந்ததாகச் சொன்னார். "உங்கள் வீட்டில் ஸ்பெக்ட்ரம் இருந்ததா?" என்றேன். "எல்லார் வீட்டிலும் இருந்தது, யாரும் கடையில் வாங்கவில்லை" என்று கண்ணடித்தார்.

கிங்ஸ்வே தொழில்நுட்பக் கல்லூரியில் அன்று ஒரு கணினி மன்றம் கூடும். டேவிட் ஜோன்ஸ், மைக் டெய்லி, ரஸல் கே, ஸ்டீவ் ஹாமண்ட் நான்கு பேரும் பையன்களாக அங்கேதான் சந்தித்தார்கள். ஜோன்ஸ் டைமெக்ஸிலேயே பயிற்சித் தொழிலாளி. ஆட்குறைப்பு வந்தபோது தானாகவே விலகி, கையில் வந்த பணத்தில் ஓர் அமிகா வாங்கினார். டண்டீ தொழில்நுட்பக் கழகத்தில் படிக்கச் சேர்ந்தார். படித்துக்கொண்டே 'மெனஸ்' எழுதினார், 1988இல் சிக்னோசிஸ் வெளியிட்டது. அவ்வளவுதான், பட்டம் வாங்கும் யோசனையை மூட்டை கட்டிவிட்டார்.

கம்பெனிக்கு முதலில் 'ஆக்மி' என்று பெயர் வைக்கப் பார்த்தார்கள். அதை யாரோ ஏற்கெனவே எடுத்திருந்தார்கள். அமிகா கையேட்டில் கண்ணில் பட்ட டிஎம்ஏ என்ற எழுத்துகளையே வைத்துக்கொண்டார்கள். கணினி நினைவகம் சம்பந்தப்பட்ட சொல்தான், ஆனால் யாராவது விளக்கம் கேட்டால் 'டசன்ட் மீன் எனிதிங்', அதாவது 'ஒரு அர்த்தமும் இல்லை' என்று அதே எழுத்துகளுக்கு ஆங்கிலத்தில் விரிவு சொல்லிச் சிரிப்பார்களாம்.

சினிமாவில் வருவதுபோல் கராஜில் தனியாக உட்கார்ந்த மேதையின் கதை என்று இதைச் சொல்கிறவர்களிடம் எனக்கு உடன்பாடு இல்லை. மலிவுக் கணினியைக் கோத்த பெண்கள், வாரம் ஒருமுறை அறையைத் திறந்துவிட்ட கல்லூரி, வேலையை விட்டதற்குக் கிடைத்த பணம் எல்லாம் சேர்ந்துதான் இந்த ஸ்டுடியோ. டைமெக்ஸுக்கு என்ன ஆயிற்று என்கிறீர்களா? 1993 ஜனவரியில் ஆட்குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம். வெளியே நின்றவர்களை நிர்வாகம் வேலையை விட்டே நீக்கியது. மாற்று ஆட்களைப் பேருந்தில் கூட்டி வந்தார்கள். வாசலில் தினமும் தள்ளுமுள்ளு. ஆகஸ்டில் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். அதே ஊரில், அதே காலத்தில், டிஎம்ஏ லெம்மிங்ஸ் பணத்தில் ஆள் எடுத்துக்கொண்டிருந்தது.

லா குன்றின் உச்சியில் பயங்கரக் காற்று. லோக்கி பக்கம் காக்ஸ் ஸ்டாக் தெரிந்தது, 86 மீட்டர் உயரச் சணல் ஆலைப் புகைபோக்கி. மருமகன் செல்ஃபி எடுத்து அக்காவுக்கு அனுப்பினான். "தம்பிக்கு ஏன்டா குல்லா வாங்கிக் குடுக்கல?" என்று உடனே பதில் வந்தது.

திங்கள்

மருமகனுக்கு வகுப்பு பதினொரு மணிக்கு. அபர்ட்டே வாசல் வரை போனேன். ஜோன்ஸ் பாதியில் விட்ட தொழில்நுட்பக் கழகம்தான் 1994இல் பல்கலைக்கழகமாகி அபர்ட்டே ஆனது. 1997இல் கணினி கேமுக்கென்றே பட்டப்படிப்பு தொடங்கினார்கள், உலகில் அதுதான் முதல் என்கிறார்கள். அது தொடங்கிய அதே ஆண்டில்தான் ஊரின் இன்னொரு குழந்தையும் வெளியே வந்தது.

அதுதான் முதல் ஜிடிஏ. 1995இல் டிஎம்ஏ எழுதிய திட்ட ஆவணத்தில் அதன் பெயர் 'ரேஸ் அண்டு சேஸ்'. மேலிருந்து பார்க்கும் நகரம், கார்கள், போலீஸ் துரத்தல். மைக் டெய்லி செய்த மாதிரியில் நகரம் கீழே விரியும், கட்டடங்கள் நம்மை நோக்கி எழும்பும். ஆனால் போலீஸாக ஆடினால் போரடித்தது. சிக்னலில் நிற்க வேண்டும், பாதசாரியை இடிக்கக் கூடாது, சுத்தச் சைவம். திருடனாக மாற்றியதும்தான் சூடு பிடித்தது. கூடவே ஒரு பிழை: போலீஸ் கார்களின் வழி தேடும் நிரல் கோளாறாகி, அவை வழியில் இருப்பதை எல்லாம் இடித்துத் தள்ளிக்கொண்டு நம் மேல் பாய ஆரம்பித்தன. சோதித்துப் பார்த்தவர்களுக்கு அதுதான் பிடித்தது. பிழையைத் திருத்தாமல், அதையே கேமின் உயிராக்கிவிட்டார்கள். மதிய இடைவேளை வேடிக்கை ஒன்று, நிரல் கோளாறு ஒன்று. இரண்டிலுமே வந்ததை வந்தபடி பார்க்கிற கண் அந்த அறையில் இருந்திருக்கிறது.

வெளியாகும் முன்பே 1997 மே மாதம் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபையில் இந்தக் கேமைப் பற்றிக் கேள்வி எழுந்தது. மேக்ஸ் கிளிஃபர்ட் என்ற விளம்பர மன்னரைக் கூலிக்கு அமர்த்தி, பத்திரிகைகளில் கூச்சலைக் கிளப்பியது வெளியீட்டாளர் பிஎம்ஜி தரப்புதான். ஆண்டு இறுதிக்குள் கேம் வந்தது. லிபர்ட்டி சிட்டி, சான் ஆண்ட்ரியாஸ், வைஸ் சிட்டி மூன்றும் அந்த முதல் கேமிலேயே இருந்தன.

அப்புறம் நடந்ததைக் கணக்குப்பிள்ளையின் வேகத்தில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது முழுக்கக் கை மாறிய கதை. 1997இல் டிஎம்ஏவை ஷெஃபீல்டின் கிரெம்லின் என்ற கேம் கம்பெனி வாங்கியது. 1998இல் பிஎம்ஜி தன் கேம் பிரிவை அமெரிக்காவின் டேக்-டூவுக்கு விற்றது. ஜிடிஏ உரிமை அதோடு போனது. 1999இல் கிரெம்லினைப் பிரான்சின் இன்ஃபோகிராம்ஸ் வாங்கியது. சில மாதங்களில் டிஎம்ஏவை டேக்-டூவிடம் தள்ளிவிட்டது. வேலை எடின்பரோவின் லீத் பகுதிக்கு நகர்ந்தது. ஜோன்ஸ் விலகினார். 2001இல் ஜிடிஏ மூன்றாம் பாகம் உலகையே புரட்டிப் போட்டபோது அட்டையில் டிஎம்ஏ டிசைன் என்று இருந்தது. அடுத்த ஆண்டு அந்தப் பெயரையும் எடுத்துவிட்டு ராக்ஸ்டார் நார்த் ஆக்கிவிட்டார்கள்.

ஜோன்ஸ் டண்டீயை விட்டுப் போகவில்லை. ரியல்டைம் வேர்ல்ட்ஸ் என்று புதிதாகத் தொடங்கினார். 2007இல் 'கிராக்டவுன்' நன்றாகப் போனது. பிறகு வெளியே இருந்து பெரும் முதலீடு திரட்டி 'ஏபிபி' என்ற இணையக் கேம். 2010 ஜூன் கடைசியில் வெளியீடு. ஆகஸ்ட் நடுவில் கம்பெனி திவால் நிர்வாகத்துக்குப் போனது. ஏழு வாரம். முதல் கேமைப் படுக்கையறையில் எழுதியவர் என்பதற்காக இதை விதி என்று சொல்லி மழுப்ப மாட்டேன். ஆடுகிறவர்கள் வருவதற்கு முன்பே செலவைப் பெருக்கிக்கொண்ட கம்பெனி அது. நூற்றுக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் தெருவுக்கு வந்தார்கள்.

ஆனால் ஊர் காலியாகவில்லை. 'மைன்கிராஃப்ட்' கேமை எக்ஸ்பாக்ஸுக்கு 2012இல் கொண்டுவந்த 4ஜே ஸ்டுடியோ டண்டீக்காரர்களுடையது. ரியல்டைம் வேர்ல்ட்ஸிலிருந்து 2008இலேயே பிரிந்து வந்தவர்கள் தொடங்கிய ரஃபியன் கேம்ஸ் என்ற சின்ன ஸ்டுடியோவை 2020இல் ராக்ஸ்டார் வாங்கி, ராக்ஸ்டார் டண்டீ என்று பெயர் மாற்றியது. இருபது வருடத்துக்கு முன் ஊரை விட்டுப் போன கம்பெனி, பெரிய மனிதராகத் திரும்பி வந்து ஊரில் வீடு வாங்கியிருக்கிறது.

அதைவிட எனக்குப் பிடித்தது வேறு. கணினி மன்றத்துப் பையன்களான ரஸல் கேயும் மைக் டெய்லியும் பல வருடம் கழித்து இதே ஊரில் யோயோ கேம்ஸில் சேர்ந்து உட்கார்ந்தார்கள். அங்கே அவர்கள் செய்தது கேம் அல்ல, கேம் செய்யும் கருவி: கேம்மேக்கர். 'அண்டர்டேல்' என்ற பிரபலமான கேம் அதில்தான் செய்யப்பட்டது. டீலக்ஸ் பெயின்ட் போல ஒரு லெவல் கருவி செய்து, யார் வேண்டுமானாலும் வரையலாம் என்று கொடுத்தவர்களுக்குப் பொருத்தமான வேலை. அந்தக் கம்பெனியும் இப்போது நார்வேயின் ஓபராவுடையது. இந்த ஊரின் ஜாதகம் அப்படி.

மாலை நான்கு மணிக்கு மருமகன் வகுப்பு முடிந்து மடிக்கணினியோடு வந்தான். அவனுடைய செமஸ்டர் கேமும் கேம்மேக்கரில்தான். ஆட்டோ ஓட்டுநர் ஒருவர் மழையில் சவாரி ஏற்றும் புதிர். "ஆடிப் பாருங்க மாமா" என்றான். மூன்றாவது லெவலில் ஆட்டோவோடு கால்வாயில் விழுந்துகொண்டே இருந்தேன்.

"லெவல் வரைஞ்சு குடுத்தா எவ்வளவு தருவ மாப்ள?"

"பத்து பவுண்டு. ஆனா முதல்ல இதத் தாண்டுங்க."

ரயில் ஆறே காலுக்கு. இன்னும் தாண்டவில்லை.